அந்த ஆயிரம் ரூபாய்

"மாசம் ஆயிரம் ரூபா கொடுத்தா எல்லாரும் சோம்பேறி ஆயிடுவாங்க" என்பவர்களிடம் ஒரே கேள்வி: ஆயிரம் ரூபாயில் எத்தனை நாள் படுத்துக் கிடக்க முடியும்?

தமிழக அரசு பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது. தொடக்கத்தில் பயனாளிகள் சுமார் 1.06 கோடிப் பெண்கள். பணம் ஏறியதும் எங்கள் ஊர்ப் பக்கம் கைரேகை மெஷின் வைத்திருக்கும் கடையில் கூட்டம் நெரியும். நாற்று நட்டு, களையெடுத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது. சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து மறுபடி வைப்பார்கள். எடுத்த பணத்தில் குழுக் கடன் தவணை, சர்க்கரை மாத்திரை, சிலிண்டர். மிஞ்சினால் பேத்தி கொலுசுக்கு நகைச் சீட்டு. (மிஞ்சுவது அபூர்வம்.)

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. முன்பெல்லாம் அவசரத்துக்கு இருநூறு ரூபாய் வேண்டுமென்றால் வட்டிக்காரரிடமோ புருஷனிடமோ கையேந்த வேண்டும். இப்போது மளிகைக் கடைக்காரரே "பதினஞ்சாம் தேதி கொடுங்கக்கா" என்று அரிசியை நிறுத்துக் கொடுக்கிறார். தேதி தவறாமல் வரும் பணத்துக்கு உள்ள மதிப்பு அது.

வறுமையே ஒழிந்துவிட்டது என்று மேடையில் முழங்கவும் வேண்டாம். முதல் மாதமே மினிமம் பேலன்ஸ் இல்லையென்று வங்கிகள் அந்தத் தொகையில் கைவைத்ததும், அப்போதைய மாநில நிதியமைச்சர் கண்டித்ததும் நினைவிருக்கும். ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தொகை கிடையாது என்றொரு விதி. அண்ணன், தம்பி குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருக்கும் வீடுகள் இதில் மாட்டிக்கொள்ளும். அதையாவது யாராவது சரிசெய்யுங்கள் சாமி.