இட்டேரி வேலி

காங்கயத்திலிருந்து தாராபுரம் போகிற சாலையில் ஊதியூர் மலை தெரிய ஆரம்பித்துவிட்டால் அம்மாயி ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். பஸ்ஸை விட்டு இறங்கி இட்டேரியில் நடக்க வேண்டும். கொங்குநாட்டுக்கு வெளியே உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: அம்மாயி என்றால் அம்மாவின் அம்மா. இரண்டு பக்கமும் காட்டுக்காரர்கள் வேலி வளர்த்திருக்க, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு விட்டிருக்கும் மண் தடம்தான் இட்டேரி. காடு என்றால் எங்கள் பக்கம் மானாவாரி நிலம். வேலி என்றால் கிளுவை. தடம் முழுக்க நிழல் விழாது, வெயிலும் முழுக்க விழாது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காட்டுக்குள் ஆளைத் தள்ளும். இட்டேரிக்குள் இறங்கிவிட்டால் அந்தக் காற்றின் சத்தம் மட்டும் தலைக்கு மேலே போகும்.

கிளுவையை யாரும் விதை போட்டு வளர்த்ததில்லை. மணிக்கட்டுக் கனத்தில் போத்து வெட்டி, மழைப் பருவம் பார்த்து, நெருக்க நெருக்கமாக நட்டுவிடுவார்கள். தண்ணீர் ஊற்றும் வழக்கமே இல்லை. கோடையில் இலையெல்லாம் கொட்டி முள்ளும் குச்சியுமாக நிற்கும். வெளியூர்க்காரர்கள் பட்டுப்போய்விட்டது என்றே நினைப்பார்கள். ஒரு நல்ல மழை பெய்தால் போதும், அடுத்த சில நாட்களில் வேலி முழுக்கப் பச்சை. ஆட்டுக்கு அந்தத் தழை என்றால் உயிர். எங்கள் பக்கத்துக் கொறங்காடுகளை இந்த வேலிதான் காத்தது. கொறங்காடு என்பது உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்ட நிலம். தரையில் கொழுக்கட்டைப் புல், நடுவில் அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை. மாட்டை உள்ளே ஓட்டிவிட்டுக் கடவை அடைத்தால் ஆள் காவல் தேவையில்லை. காங்கயம் மாடு வளர்ந்தது இப்படித்தான்.

ஆனால் எனக்கு வேலி என்றால் நினைவுக்கு வருவது கிளுவை அல்ல, அதன்மேல் ஏறியிருந்தவை. பிரண்டை, முடக்கத்தான், தூதுவளை, முசுமுசுக்கை, கோவை, வேலிப்பருத்தி, ஆதண்டை, சங்குப்பூ. கார்த்திகை வாக்கில் கண்ணுவலிப்பூ. அதைச் செங்காந்தள் என்று பாடப்புத்தகத்தில் படித்தபோது வேறு ஏதோ மலைப்பூ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோவை இலையைப் பறித்துக் கசக்கிச் சிலேட்டு துடைப்போம். காரைப்பழம், சூரைப்பழம், இலந்தைப்பழம் எல்லாம் பள்ளிக்கூடம் போகும்போதே வயிற்றுக்குள் போய்விடும். சூரைப்பழத்துக்குக் கொடுக்கும் விலை கையில் கீறல். சாயங்காலம் அம்மாயி ஒரு சுற்றுப் போய்விட்டு மடியில் எதையாவது கட்டிக்கொண்டு வருவார். அது மறுநாள் துவையலாகவோ ரசமாகவோ ஆகும். காய்கறிக்காரர் அந்தப் பக்கம் வாரத்தில் ஒருநாள்தான் வருவார். வேலி இருந்ததால் அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை.

இதில் எதையும் யாரும் நடவில்லை என்பது பிற்பாடு யோசித்தபோதுதான் உறைத்தது. கிளுவையை மட்டும் மனிதர்கள் நட்டார்கள். மிச்சத்தில் பலவற்றைக் கொண்டைக்குருவியும் குயிலும் மைனாவும் நட்டன. பழம் தின்ற பறவை உட்கார ஒரு குச்சி வேண்டும். உட்கார்ந்த இடத்தில் எச்சமிடும். எச்சத்தோடு விழுந்த விதை முளைத்தால் அதை ஆடு கடிக்காமல் கிளுவை முள் காக்கும். வேலிக்குள் வேம்பு, ஆதண்டை, கோவை எல்லாம் வரிசை பிடித்து முளைத்த கதை இதுதான்.

அம்மாயி வீட்டுக் கொல்லையும் அந்த வேலியின் ஒரு துண்டுதான். சமையல் கட்டை ஒட்டிக் கறிவேப்பிலை மரம். அதில் ஒருநாள் கைவிரல் நீளப் பச்சைப் புழு ஒன்றைப் பார்த்துவிட்டு நான் குச்சியால் தட்டிவிடப் போனேன். தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாய் இரண்டு கொம்பை நீட்டி நாற்றம் அடித்தது. அலறிக்கொண்டு ஓடினேன்.

“உடு கண்ணு. அதும் ஒரு வவுத்துக்குத்தான திங்குது?”

“எலையெல்லாம் தின்னுருமே அம்மாயி!”

“தின்னா மழ பேஞ்சாத் தழைச்சுக்கும். நீ திங்கறயே தட்டு நெறையா, உன்னய நா என்ன பண்ணுனேன்?”

அம்மாயி ஒன்றும் இயற்கை ஆர்வலர் இல்லை. வேலியில் பாம்பைக் கண்டால் பண்ணையத்து ஆளைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்வார். சாரையா நல்லதா என்ற விசாரணையெல்லாம் நடக்காது. ஆனால் இலையில் ஓட்டை விழுந்தால் அதை ஒரு நோயாகப் பார்க்கத் தெரியாது அவருக்கு. இந்த ஒரு விஷயத்தில் இன்றைக்கு மாடித்தோட்டம் போடுகிற நம்மில் பலரைவிட அவர் முன்னால் இருந்தார் என்று நினைக்கிறேன். நாம் இலை பளபளவென்று இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். பூச்சி தொடாத செடி நல்ல செடி என்று நர்சரியில் சொன்னால் மகிழ்ந்து வாங்குகிறோம். எதுவும் தின்னாத செடியில் எதுவும் பிறக்காது என்பதை யோசிப்பதில்லை.

அந்தப் பச்சைப் புழு கறிவேப்பிலை அழகியின் புழு. சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரியே இலைமேல் கிடக்கும். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். அது பட்டாம்பூச்சி ஆனபின் செய்கிற வேலைதான் வேடிக்கை. பெண் பூச்சிகளில் சில ஆணைப் போலவே கறுப்பில் வெள்ளைப் பட்டையோடு இருக்கும். வேறு சில, ரோஜா அழகி என்ற பட்டாம்பூச்சியைப் போலவும், இன்னும் சில சிவப்புடல் அழகியைப் போலவும் வேஷம் கட்டிக்கொள்ளும். ரோஜா அழகியின் புழுவும் சிவப்புடல் அழகியின் புழுவும் தின்பது ஆடுதின்னாப்பாளைக் கொடியை. பெயரே சொல்கிறது, ஆடுகூடத் தொடாத கசப்பு. அந்த நஞ்சு பட்டாம்பூச்சியின் உடம்பிலும் தங்கிவிடுவதால் ஒருமுறை கொத்திய பறவை மறுமுறை கொத்தாது. கறிவேப்பிலை தின்று வளர்ந்த பூச்சிக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் கிடையாது, வேஷம்தான் பாதுகாப்பு. உடம்பைப் பார்த்தால் பிடித்துவிடலாம். அசலுக்கு உடம்பு சிவப்பு, நகலுக்குக் கறுப்பு. அம்மாயி ஊரில் கறிவேப்பிலை கொல்லையில் இருந்தது, ஆடுதின்னாப்பாளை வரப்பிலும் வேலியடியிலும் படர்ந்திருந்தது. வரப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று பாளைக் கொடியைக் களைக்கொல்லி அடித்து ஒழித்துவிட்டால், அசல் இல்லாத ஊரில் நகலின் வேஷத்தை எந்தப் பறவை மதிக்கும்?

ஆவாரஞ்செடி வேலிக்கு வெளியே, இட்டேரி ஓரத்தில் நிற்கும். பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வீட்டு நிலைப்படி, கட்டுத்தரை, காட்டு மூலை என்று செருகுவார்கள். பூப்பறிக்கிற நோம்பிக்குப் பெண்பிள்ளைகள் கூட்டமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு ஆவாரம்பூ பறிக்கப் போவார்கள். பையன்களுக்கு அங்கே வேலையில்லை, நாங்கள் பின்னாலேயே போய்த் திட்டு வாங்குவோம். அந்தப் பூவில் கரிவண்டு உட்கார்ந்தால் திடீரென்று சத்தம் மாறும். பறக்கும்போது ஒரு சுதி, பூவைப் பிடித்தபின் உச்சத்தில் ஒரு சுதி. ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும், அதுவும் மகரந்தப்பையின் நுனியில் உள்ள சின்னத் துளை வழியாகத்தான் வெளியே வரும். வண்டு பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்தால்தான் கொட்டும். அந்த வண்டு முட்டையிடக் காய்ந்த மரத்தில் துளை போட வேண்டும். பட்டுப்போன கொம்பை வெட்டாமல் விட்டுவைக்கிற வேலியில் அதற்கு வீடு கிடைத்தது.

ராத்திரியில் வேலிக்கு வேறு குடிகள். டார்ச் அடித்தால் முள்ளெலி சட்டென்று சுருண்டு உருண்டையாகிவிடும். கக்குவான் இருமலுக்கு அதன் முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள் என்பதால் அதைப் பிடித்துக் கொண்டுபோகிறவர்களும் இருந்தார்கள். காலையில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து வேலியடிச் சருகைப் புரட்டும். அவற்றின் கூட்டில் சுடலைக்குயில் முட்டையிட்டுவிட்டுப் போகும். வளர்ப்புப் பிள்ளை தன்னைவிடப் பெரிதாக வளர்ந்து வாயைத் திறந்து நிற்க, தவிட்டுக்குருவி ஓடி ஓடி ஊட்டுகிற காட்சியைப் பார்த்து அம்மாயி யாரோ ஒரு சொந்தக்காரர் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஊர் முதலில் கோவை மாவட்டத்தில் இருந்தது, 1979இல் பெரியார் மாவட்டத்துக்குப் போனது, அது ஈரோடு ஆனது, 2009 முதல் திருப்பூர் மாவட்டம். இத்தனை மாற்றத்திலும் வேலி இருந்த இடத்தில்தான் இருந்தது. அதை நகர்த்தியது நிலத்தின் விலை. உயிர்வேலி அகலமாகும், இரண்டு பக்கமும் நாலடி எட்டடி என்று தின்னும். வருஷம் ஒருமுறை கழிக்க ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது வேலி யார் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று சண்டை வரும். கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தால் அங்குலம் பிசகாது. அப்படிச் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, எங்கள் மாமன்மாரும் அதைத்தான் செய்தார்கள். ஜே.சி.பி. ஒரே நாளில் முடித்துவிட்டது. விட்ட இடத்தில் வேலிக்காத்தான் வந்தது, அதற்கு யாரும் போத்து நட வேண்டியதில்லை.

கண்ணுவலிப்பூ மட்டும் போகவில்லை, வேறு மாதிரி ஆகிவிட்டது. அதன் விதையில் கோல்சிசின் இருக்கிறது, மருந்துக் கம்பெனிகளுக்கு வேண்டும். மூலனூர், தாராபுரம் பக்கம் அதைக் கொடிப்பந்தல் போட்டுப் பயிராகவே செய்கிறார்கள். நல்ல காசு வருகிற பயிர்தான். காலையில் அந்தக் காடுகளில் பெண்கள் பூப்பூவாகத் தேடி மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தொட்டு வைத்துக்கொண்டு போவதைப் பார்க்கலாம். அந்தப் பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். பறக்கிற ஏதாவது ஒன்று வந்து இரண்டையும் தொட வேண்டும். அவ்வளவு பூவுக்கு வேண்டிய அவ்வளவு பூச்சி இன்று அங்கே இல்லை. வேலியில் கூலியில்லாமல் நடந்த வேலைக்கு இப்போது நாள் கூலி.

திருப்பூரில் நான் வீடு கட்டியபோது பின்னால் துணி காயப்போடுகிற இடம் போக ஒரு பட்டை மண் மிஞ்சியது. கோனோகார்ப்பஸ் வைத்தால் சீக்கிரம் மறைப்பு வந்துவிடும் என்றார் வேலை பார்த்த மேஸ்திரி. எனக்குக் கிளுவை வேண்டும். நர்சரிகளில் கேட்டால் அப்படி ஒன்றை யாரும் விற்பதில்லை. கடைசியில் ஊதியூருக்கு அந்தப் பக்கம் வேலி மிச்சம் வைத்திருந்த ஒரு பெரியவரிடம் கேட்டு ஒரு கட்டுப் போத்து வாங்கி வந்தேன். “வேலி போடக் காடு எங்கீங் இருக்குது?” என்றார். பதில் சொல்லவில்லை, துணிக்கொடிக்குப் பின்னால் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

ஆடுதின்னாப்பாளை விதையை வரப்போரத்தில் வெடித்த காயிலிருந்து எடுத்தேன். ஆவாரையும் வேலிப்பருத்தியும் விதையிலிருந்தே வந்தன. எருக்கை ஒரு மூலையில் விட்டேன், வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி முட்டையிட அதுவோ வேலிப்பருத்தியோ வேண்டும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று வீட்டில் எல்லோரையும் எச்சரித்தேன். கண்ணுவலிக் கிழங்கை மட்டும் வேண்டாமென்று விட்டுவிட்டேன், அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. பிறகு ஒரு காய்ந்த கொம்பை நட்டு வைத்தேன். அதுதான் செலவில்லாத நல்ல முதலீடு. முதலில் கரிச்சான் வந்தது, அப்புறம் கொண்டைக்குருவி. கொம்படியில் வேம்பும் கோவையும் முளைத்தன, உன்னியும் முளைத்தது. எது இந்த மண்ணின் செடி, எது கப்பலேறி வந்த செடி என்று குருவிக்குக் கணக்கு இல்லை. உன்னிப்பூவில் பட்டாம்பூச்சி மொய்க்கிறதே, அதை ஏன் பிடுங்குகிறாய் என்று என் மனைவி கேட்டாள். பட்டாம்பூச்சி எந்தப் பூவிலும் தேன் குடிக்கும், குழந்தையை எல்லா இலையிலும் வளர்க்காது. உன்னி இலையில் எங்கள் பக்கத்துப் பட்டாம்பூச்சி எதையும் நான் முட்டையிடப் பார்த்ததில்லை. விட்டால் மற்றதையெல்லாம் மூடியும்விடும்.

கிளுவையின் முதல் கோடையில் பக்கத்து வீட்டு அக்கா சுவர்மேல் எட்டிப் பார்த்து, “ஏனுங், அது செத்துப்போச்சுங்ளா?” என்றார். இல்லைங்க, மழைக்குக் காத்திருக்கிறது என்றேன். நம்பவில்லை. மழை வந்து துளிர்த்த பிறகு அவர் கேட்டது பாம்பு வருமா என்று. வரலாம் என்றுதான் சொன்னேன். இதுவரை வந்தவை அரணை, ஓணான், ஒரு தையல்சிட்டு ஜோடி, கீரி ஒருமுறை. பாளைக் கொடியை ஒரு மழைக்காலத்தில் கறுப்பில் செம்முட்கள் வைத்த புழுக்கள் மொட்டையடித்துவிட்டன, தண்டோடு. மறுபடி தழைத்தது. முள்ளெலிக்கு வழியில்லை, நாலு பக்கமும் காம்பவுண்டுச் சுவர். அடியில் ஒரு ஓட்டை போட்டு வைக்கலாம் என்று யோசித்தால், அந்தப் பக்கம் இருப்பது தார்ச்சாலை.

இப்போது அந்த அக்கா முடக்கத்தான் பறிக்க வருகிறார், தோசைக்கு. நாலு போத்து தரட்டுமா என்று கேட்டிருக்கிறேன், வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். வருகிற ஆடிக்குக் காரையும் சூரையும் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சூரை முள் பொல்லாதது, பேரன் இப்போதுதான் நடை பழகுகிறான். அதனால் இந்த வருஷம் காரை மட்டும்.