கோவில் கம்ப்யூட்டர் சாவி யாரிடம் இருக்கிறது?



நவராத்திரி நேரத்தில் உபயப் பட்டியல் கேட்டவர்களிடம், "ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கு, சனிக்கிழமை பார்த்துச் சொல்றோம்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்போம்! தொண்டர்களில் பாதிப் பேருக்கு வேலை பாயான் லெப்பாஸில். பாலம் தாண்டி, பிறை வழியாக தாசேக் கெலுகோர் வந்து சேருவதற்குள் கோவில் நடை சாத்திவிடும். அதனால்தான் வெளியிலிருந்தே அந்தக் கம்ப்யூட்டரில் நுழைய வழி செய்தோம். அதைப் பற்றிப் பல பேர் பல விதமாகப் பேசுவதால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம கம்ப்யூட்டரில் இருப்பது உபுண்டு லினக்ஸ். லைசென்ஸ் காசு இல்லை. அதில் தூரத்திலிருந்து நுழைவதற்கு எஸ்.எஸ்.எச். என்று ஒன்று உண்டு. 1995இல் பின்லாந்தில், ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாத்து இலோனன் எழுதியது. அங்கே யாரோ நெட்வொர்க்கை ஒட்டுக்கேட்டு பாஸ்வேர்டுகளைத் திருடியதுதான் காரணம். அதற்கு முன்பு இருந்த டெல்நெட்டில் பாஸ்வேர்டு திறந்த கடிதம் மாதிரி போகும். எஸ்.எஸ்.எச்.சில் எல்லாம் மறைகுறியாக்கப்பட்டுப் போகும்.

நிறுவுவது ஐந்து நிமிட வேலை. ஓப்பன் எஸ்.எஸ்.எச். சர்வரைப் போட்டு, ரூட்டரில் 22ஆம் எண் வாசலைத் திறந்துவிட்டோம். மறுநாள் காலையில் பதிவைப் பார்த்தால் திக்கென்று ஆகிவிட்டது. முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து 'ரூட்', 'அட்மின்' என்று பேர் சொல்லி இரவு முழுக்க வரிசையாகத் தட்டியிருக்கிறார்கள். நம்ம கோவிலைக் குறிவைத்து இல்லை. திறந்த வாசல் எங்கே என்று மெஷின்களே உலகம் முழுக்கத் தேடிக்கொண்டே இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது உங்கள் பெயர், நட்சத்திரம், போன் நம்பர், நன்கொடைக் கணக்கு. நம்ம பாஸ்வேர்டோ மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் தாளில் ஒட்டியிருந்தது! மூன்று நிர்வாகக் குழு மாறியும் அது மட்டும் மாறவே இல்லை.

அன்றைக்கே பாஸ்வேர்டு முறையை நிறுத்திவிட்டுச் சாவி முறைக்கு மாறினோம். ஒவ்வொருவரும் தன் லேப்டாப்பில் ஒரு ஜோடி உருவாக்க வேண்டும். ஒன்று பூட்டு மாதிரி. அதைக் கோவில் கம்ப்யூட்டரில் வைக்கலாம், யார் பார்த்தாலும் பரவாயில்லை. மற்றது சாவி, அது அவரவர் லேப்டாப்பை விட்டு வெளியே போகவே கூடாது, அதற்கும் தனியாக ஒரு ரகசியச் சொல் உண்டு. ஒருவர் பொறுப்பிலிருந்து விலகினால் அவருடைய ஒரு வரியை மட்டும் அழித்தால் போதும்.

இதில் எங்கள் அவசரப் புத்தியையும் சொல்லிவிடுகிறோம். சாவி வேலை செய்கிறதா என்று பார்க்காமலே பாஸ்வேர்டை அடைத்து, இருந்த இணைப்பையும் மூடிவிட்டோம். பிறகு யாராலும் நுழைய முடியவில்லை. வெள்ளிக்கிழமை சாயந்திரம், கொட்டும் மழை, பாலத்தில் நெரிசல். வந்து பார்த்தால் சாவி வரி இருந்த கோப்பை மற்றவர்களும் மாற்றலாம் என்று அனுமதி இருந்திருக்கிறது. அப்படி இருந்தால் எஸ்.எஸ்.எச். அந்தச் சாவியை நம்பாது. கோப்புக்கு 600, ஃபோல்டருக்கு 700 என்று மாற்றியதும் திறந்துகொண்டது. வேறு கோவில் தொண்டர்கள் யாராவது இதைச் செய்வதாக இருந்தால், பழைய ஜன்னலை மூடாமல் இன்னொரு ஜன்னலில் நுழைந்து பார்த்துவிட்டுப் பாஸ்வேர்டை அடையுங்கள்.

பழைய கணக்குப்பிள்ளை அண்ணனுக்குத்தான் மனவருத்தம். "இத்தனை வருஷம் கணக்கு எழுதினேன், இப்ப என் மேல நம்பிக்கை இல்லையா தம்பி?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் வரவில்லை. கடைசியில் ஒருவர் மெதுவாக, "அண்ணே, உண்டியலுக்கு ரெண்டு பூட்டு போடணும்னு கூட்டத்துல சொன்னதே நீங்கதானே?" என்றார். அவர் ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடித்து முடித்தார். அடுத்த ஞாயிறு பேரனோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், தனக்கும் ஒரு சாவி வேண்டுமாம்.

இப்போது நான்கு பேரிடம் சாவி இருக்கிறது. யார் யார் என்று அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். மஞ்சள் தாளைக் கிழித்துப் போட்டாச்சு. உபயப் பட்டியல் வேண்டுபவர்கள் வார நாட்களிலும் கேட்கலாம், அன்றைக்கே அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
கோவில் தொண்டர்கள், தாசேக் கெலுகோர்