தோட்டா நிரப்பப் பழகுபவர் முதலில் எதை வாங்குவது?

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் மைதானங்களுக்குப் போனால், சிலர் சுட்டு முடித்தவுடன் குனிந்து தரையில் எதையோ பொறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அவை காலியான பித்தளைக் கூடுகள். ஒரு தோட்டாவில் கூடு, பிரைமர், பவுடர், குண்டு என்று நான்கு பாகங்கள் உண்டு. மற்ற மூன்றும் ஒரே முறையில் தீர்ந்துவிடும், கூடு மட்டும் மிஞ்சும். அதை வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்வது அங்கே பழைய பொழுதுபோக்கு. செலவு மிச்சம் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். கடைசியில் அதிகமாகச் சுடுவதால் மிச்சமாவது ஒன்றும் இல்லை என்பது வேறு கதை!

புதிதாக ஆரம்பிப்பவர் கண்ணில் முதலில் படுவது புரோகிரசிவ் பிரஸ். கைப்பிடியை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒரு முழுத் தோட்டா விழும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே இழுப்பில் நான்கைந்து வேலைகள் நடக்கின்றன. எது எங்கே தவறியது என்று பழகாத கண்ணுக்குத் தெரியாது.

தவறினால் என்ன ஆகும்? பழைய .38 ஸ்பெஷல் கூடு கருப்பு வெடிமருந்துக்காக வடிவமைக்கப்பட்டது, அதனால் உள்ளே இடம் அதிகம். இன்றைய புகையில்லாப் பவுடர் அதில் அடியில் கொஞ்சம்தான் நிற்கும். கவனக்குறைவாக இரண்டு முறை ஊற்றினாலும் வழியாது, வெளியே தெரியவும் தெரியாது. சுடும்போது துப்பாக்கியே கையில் வெடிக்கலாம். மாறாக, பவுடரே போடாமல் விட்டால் பிரைமரின் வேகத்தில் குண்டு பாதிக் குழலில் போய்ச் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் அதுவும் ஆபத்துதான்.

ஆகவேதான் அனுபவசாலிகள் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸைச் சொல்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒரு டை, ஒரு வேலை. ஐம்பது கூடுகளுக்கும் பவுடர் போட்டு, துளைகள் உள்ள பலகையில் வரிசையாக நிறுத்தி, விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றின் உள்ளும் பார்த்த பிறகே குண்டை வைக்க வேண்டும். மெதுவான வேலைதான், ஆனால் அந்த மெதுவே பாதுகாப்பு. பிறகு பெரிய பிரஸ் வாங்கினாலும் முதல் பிரஸ் வீணாகாது. டைகளும் பெரும்பாலும் ஒரே மரை அளவில் வருவதால் புதியதிலும் பொருந்தும். கையில் காசு குறைவென்றால், 1958-இல் ரிச்சர்ட் லீ கொண்டுவந்த, சுத்தியலால் தட்டி நிரப்பும் சின்னப் பெட்டியும் இருக்கிறது.

பிரஸ்ஸில் மிச்சம் பிடித்தாலும் தராசில் மிச்சம் பிடிக்கக் கூடாது. பவுடரை கிரெயின் கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின், அதாவது ஒரு கிரெயின் 0.065 கிராம் கூட இல்லை. எலக்ட்ரானிக் தராசு வாங்கினால் சரிபார்க்கும் எடைக்கல்லும் சேர்த்து வாங்க வேண்டும். அதற்கும் முன்னால் வாங்க வேண்டியது அளவுகள் அச்சிட்ட கையேடு. பக்கத்து வீட்டுக்காரர் வாயால் சொன்ன அளவை யாரும் நம்பக் கூடாது. கையேட்டில் உள்ள குறைந்த அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்னொன்று, கடைக்காரர்கள் அவ்வளவாக எடுத்துச் சொல்லாதது: குண்டைக் கழற்றும் சுத்தியல். விலை குறைவுதான். நிரப்பி முடித்த ஐம்பதில் ஒன்றின் மீது சந்தேகம் வந்துவிட்டால், எது என்று தெரியாத நிலையில் ஐம்பதையும் கழற்றத்தான் வேண்டும். ஒரு சாயங்காலம் முழுக்கப் போய்விடும்.

போகட்டும்.