பக்கம் முடிந்தது

மாதக் கார்த்திகைதோறும் பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூருக்கு நானும் என் மனைவியும் காரில் சென்று வருவது நெடுநாளைய வழக்கம். 2001-ல் வாங்கிய கார் அது. கம்பெனியிலேயே பொருத்தித் தந்த கேசட் செட் அதில் உண்டு. ஊர் எல்லை தாண்டியதும் அவள் கேசட்டைச் செருகுவாள். சூலமங்கலம் சகோதரிகளின் குரலில் கந்த சஷ்டி கவசம் தொடங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் கண்ணழுத்த நோய் அவளுடைய பார்வையைப் பெரும்பாலும் பறித்துக்கொண்டது. அதன்பின் அந்தக் கேசட்டே அவளுக்கு வழிகாட்டியாயிற்று. 60 நிமிடக் கேசட். பக்கத்திற்கு 30 நிமிடம். முதல் பக்கம் முடிந்து 'டக்'கென்று வெளியே வரும்போது, "ஆழ்வார்திருநகரி வந்துட்டுது, இல்லையா?" என்பாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். விரலால் தடவித் திருப்பிச் செருகுவாள். இரண்டாம் பக்கம் முடியும் வேளையில் கடற்காற்று முகத்தில் படும்.

சென்ற ஆண்டு பாட்டு இழுபடத் தொடங்கியது. கேசட்டுகளில் பூஞ்சை படிந்திருந்தது. பெங்களூரிலுள்ள மகன், "அதைக் கழற்றிப் போட்டுட்டு டச் ஸ்கிரீன் செட் மாட்டிடுங்கப்பா, பணம் அனுப்புறேன்" என்றான். அன்பால் சொன்னதுதான். அன்றிரவு அவள் மெதுவாகக் கேட்டாள்: "புதுசுல பொத்தான் இருக்குமாங்க?"

இராது. வழவழப்பான கண்ணாடியில் அவள் விரல்கள் எதைத் தேடும்? அந்தக் காரில் அவள் பிறர் துணையின்றிச் செய்துவந்த ஒரே காரியம் அதுதான். அதையும் பறிக்க எனக்கு மனம் வரவில்லை.

ரேடியோ பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் செட்டைக் கொண்டுபோனேன். தளர்ந்த பெல்ட்டை மாற்றிவிடலாம். ஆனால் தேய்ந்துபோன ஹெட் இப்போது கிடைக்காது என்றார். பேரன் என் செல்போனில் பாடல்களை ஏற்றித் தந்திருந்தான். அவற்றை இந்தச் செட்டின் வழியாகவே கேட்க இயலுமா என்று வினவினேன்.

"செய்யலாம் ஐயா" என்று செட்டைத் திறந்து காட்டினார். நாடாவைத் தொடும் ஹெட் தருவது மிக மெல்லிய ஒலிச்சைகை. ஒரு சிறு சர்க்யூட் அதைப் பெருக்கி வால்யூம் குமிழுக்கு அனுப்புகிறது. போனின் சைகையோ அதைவிடப் பன்மடங்கு வலியது. ஹெட்டின் இடத்திலேயே கொடுத்தால் ஒலி சிதைந்துவிடும். ஆகவே, பெருக்கும் சர்க்யூட்டுக்கும் குமிழுக்கும் நடுவே இணைப்பைத் துண்டித்து, அங்கே போனின் வயரைச் சேர்க்க வேண்டுமாம். இடப்புறத்திற்கு ஒன்று, வலப்புறத்திற்கு ஒன்று என இரு கம்பிகள்; இரைச்சல் புகாதிருக்க மேலே உலோக வலையுறை; அவ்வுறை தரை இணைப்போடு. நேர்மின்சாரம் போனுக்குத் திரும்பாமல் தடுக்க ஒவ்வொரு கம்பியிலும் ஒரு கப்பாசிட்டர். மறுமுனையில் இயர்போன் செருகும் அதே 3.5 மில்லிமீட்டர் பின்.

இரண்டு நாளில் வேலையை முடித்துவிட்டார். ஆனால் முகம் வாடியிருந்தது.

"ஒரு குறை இருக்கு ஐயா. கேசட் ஓடிக்கிட்டிருந்தாத்தான் இந்தச் செட் அந்தப் பக்கத்து ஒலியை ஸ்பீக்கருக்கு விடும். அதனால ஒரு காலிக் கேசட்டைப் போட்டு ஓடவிடணும். பக்கம் முடிஞ்சா அதுவே வெளியே தள்ளிடும், பாட்டும் நின்னுடும். அரை மணிக்கொரு தடவை திருப்பிப் போடணும். உங்களுக்குச் சிரமம்."

நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் காரணம் புரியவில்லை. சொன்னதும் அவர் தாமே எழுந்து தேடி, பழுதில்லாத 60 நிமிடக் கேசட் ஒன்றை எடுத்துத் தந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

அடுத்த கார்த்திகையன்று புறப்பட்டோம். முதலில் பாட்டோடு சேர்ந்து 'ங்ஙீ' என்றொரு ஓசை கேட்டது. வேகம் கூடினால் அதுவும் ஏறியது. காரிலேயே போனுக்கு சார்ஜ் போட்டிருந்தேன். வண்டியை ஓரமாக நிறுத்தி சார்ஜர் வயரைக் கழற்றினேன், ஓசை அடங்கியது. அதன்பின் வீட்டிலேயே சார்ஜ் போட்டுவிட்டுக் கிளம்புகிறோம்.

கவசம் முடிந்து வேறு பாடல்கள் ஒலித்தன. கேசட்டில் கேட்டதைவிடத் தெளிவு. அவள் ஒன்றும் சொல்லாமல் சாலையை நோக்கி அமர்ந்திருந்தாள். திடீரென்று 'டக்.' போனில் பாட்டு ஓடிக்கொண்டேயிருக்க, செட் மௌனமாயிற்று.

"ஆழ்வார்திருநகரியா?" என்றாள்.

"இன்னும் ஒரு மைல் இருக்கு. வழியில நின்னோம்ல."

"அதானே பார்த்தேன்" என்று கை நீட்டி, கேசட்டை எடுத்து, விளிம்பைத் தடவித் திருப்பிச் செருகினாள். பாட்டு மீண்டும் எழுந்தது.

"அது வெறும் கேசட்தான், தெரியுமில்லே?" என்றேன்.

"தெரியும். அதுக்காகத் திருப்பாம இருக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சாலையை நோக்கி அமர்ந்துகொண்டாள்.