அத்தாவின் ஒலிநாடாவும் ஆல்டர்னேட்டர் ஓசையும்

ஒலி, ஓசை, அரவம், ஆரவாரம், இரைச்சல் எனக் காதில் விழுவதைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல. இவற்றின் பொருள் வேறுபாட்டை வகுப்பறையில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். எனினும் ஓர் ஒலி எவ்விடத்தில் இரைச்சலாகிறது என்பதை எனக்கு விளங்கவைத்தவர், திருவரங்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் வண்டிகளுக்கு மின்வேலை செய்யும் பெரியவர் ஒருவரே.

என் அத்தா சவூதி அரேபியாவின் தம்மாம் நகரில் லாரி ஓட்டியவர். அந்நாளில் வளைகுடா சென்றோர் பலர் கடிதத்துக்கு மாற்றாக ஒலிநாடாவில் பேசி அனுப்புவர். ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய அச்சிறு கேசட், எழுதப் படிக்க அறியாத எத்தனையோ தாய்மார்க்கு அஞ்சலாக வாய்த்தது. ஊர் திரும்பும் எவரேனும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து சேர்ப்பர். மறுமொழியையும் பெரும்பாலும் அதே நாடாவில் பதிந்து அனுப்புவதால் முன்னைப் பேச்சு அழிந்துபோகும். அவ்வாறு அழிந்தவை போக அம்மாவிடம் எஞ்சியிருந்தது ஒரே நாடா, 1986இல் வந்தது. அத்தா 2009இல் மறைந்தார்.

2022ஆம் ஆண்டு இறுதியில் அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதுற்று, வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்காகத் திருவரங்கத்திலிருந்து தில்லைநகருக்கு அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று. 1976இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலம் அவ்வேளை பராமரிப்புக்காக மூடப்பட்டிருந்தது. 2023 மார்ச்சில்தான் மீண்டும் திறந்தனர். புறவழிச்சாலையைச் சுற்றிப் போகும் அந்த நெடும்பயணத்தில் ஒருநாள் அம்மா, “உங்க அத்தா பேசினதை வண்டியில போட முடியுமா, தம்பி?” என்றார். பேரப்பிள்ளைகள் நடமாடும் வீட்டில் கேட்க அவருக்குக் கூச்சம். நாடாவை ஒரு கடையில் கொடுத்துப் பென் டிரைவுக்கு மாற்றி வாங்கினேன். கணவர் மனைவிக்குப் பேசியனுப்பியதை அம்மாவுக்கு முன் நான் கேட்பது முறையன்று என்று, வீட்டில் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

அம்மாவுக்குச் செவித்திறன் குறைவு. ஆகவே என் பழைய மாருதி 800இல் புதிய ஸ்டீரியோவும், பின்பெட்டியில் ஓர் ஆம்ப்ளிஃபயரும் பொருத்தச் செய்தேன். புறப்பட்ட முதல் நாளே குறை தெரிந்துவிட்டது. வண்டி வேகமெடுக்க எடுக்க ஸ்பீக்கர்களில் ‘ஈஈ’ என்றொரு மெல்லிய ஊளை ஏறிற்று. வேகம் தணிந்தால் அதுவும் இறங்கிற்று. இரண்டாம் நாள் அம்மா, “அவங்க பேச்சுக்குள்ள ஈ பறக்குது, நிறுத்திடு” என்றார். மூன்றாம் நாள் கேட்கவே இல்லை. வண்டி முழுதும் மௌனம். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பொருத்திய கடைக்காரர், ஒலிக்கம்பியின் இடையே சிறு பெட்டி ஒன்றை இணைத்துக் காசு வாங்கிக்கொண்டார். ஊளை ஓரளவு தணிந்தது. கூடவே அத்தாவின் அடித்தொண்டைக் கனமும் போயிற்று. மலிவான அப்பெட்டிகளிலுள்ள மின்மாற்றி தாழ்ந்த சுருதிகளை விழுங்கிவிடும் என்பது பின்னர்த் தெரிந்தது. அத்தாவின் பேச்சு எவரோ தொலைபேசியில் பேசுவதுபோல் ஆகிவிட்டது.

அதன் பிறகே அப்பெரியவரிடம் சென்றேன். நெற்றியில் திருமண், கையில் கிரீஸ். சோதனைக்கென அவர் தம் பென் டிரைவை எடுத்துச் செருகினார். ஷேக் சின்னமௌலானாவின் நாதசுவரம். திருவரங்கத்தையே தம் இல்லமாக்கிக்கொண்டு 1999இல் மறைந்த அம்மேதையை அவ்வூரார் இன்றும் தம்மவராகவே பேசுவர். “ஒத்து ஒரே இடத்தில் நிற்கணும் சார். ஆக்சிலரேட்டரை மிதிச்சா ஏறுற ஒத்து உங்க வண்டியிலதான் இருக்கு” என்று சிரித்தார்.

பாட்டை நிறுத்திவிட்டு ஒலியளவைக் கூட்டிக் குறைத்தார். ஊளை மாறவில்லை; ஆகவே அது ஸ்டீரியோவின் ஒலியளவுத் திருகைக் கடந்தபின் நுழைகிறது என்றார். முகப்பு விளக்கை எரியவிட்டார், ஊளை வலுத்தது. இன்ஜினை அணைத்துச் சாவியை மட்டும் திருப்பிவைத்தார், அடியோடு நின்றது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒலிக்கம்பியைப் பிடுங்கி இன்ஜினை ஓடவிட்டார், அப்போதும் அமைதி. மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் இருந்தது.

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். இன்ஜினோடு சுழலும் ஆல்டர்னேட்டர் மாறுதிசை மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது. டையோடுகள் அதனை நேர்திசையாக்கினாலும் சிற்றலைகள் எஞ்சும்; இன்ஜின் வேகத்தோடு அவற்றின் அதிர்வெண்ணும் ஏறும். பேட்டரி அவற்றைப் பெரும்பாலும் விழுங்கிக்கொள்ளும். ஆனால் முன்னே ஸ்டீரியோ ஓரிடத்திலும், பின்னே ஆம்ப்ளிஃபயர் வேறிடத்திலும் ‘எர்த்து’ சேர்க்கப்பட்டு, அவ்விணைப்புகளுள் ஒன்று பழுதானால், இரண்டுக்குமிடையே சிறு மின்னழுத்த வேறுபாடு தோன்றும். அதனால் எழும் மின்னோட்டம் ஒலிக்கம்பியின் உறை வழியே பாய, அதுவே ஸ்பீக்கரில் ஊளையாகிறது.

‘எர்த்து’ என்ற வழக்கே எனக்கு வியப்பாயிருந்தது. ரப்பர்ச் சக்கரங்களின்மேல் நிற்கும் வண்டிக்கும் மண்ணுக்கும் ஏது தொடர்பு? அதன் இரும்பு உடலையே மண் என்று கொள்கிறார்கள். ஆகுபெயருக்கு இனி வகுப்பில் புதிய எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை.

இத்தொல்லை வண்டியில் வானொலி ஏறிய நாளிலிருந்தே உள்ளது. சிகாகோவில் கால்வின் நிறுவனத்தார் 1930இல் ‘மோட்டரோலா’ என்னும் கார் வானொலியைக் கொணர்ந்தபோது, இன்ஜின் தீப்பொறிகள் எழுப்பிய கரகரப்பை அடக்குவதே பெரும்பாடாயிற்றாம். அது தீப்பொறியின் கரகரப்பு. எனக்கு வாய்த்தது ஆல்டர்னேட்டரின் ஊளை. இரண்டுக்கும் மருந்து வேறு.

பின்பெட்டியைத் திறந்து பார்த்தால், எர்த்துக் கம்பியைப் பெயிண்டின் மேலேயே ஒரு சிறு திருகால் முடுக்கியிருந்தார்கள். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்துமா? பெரியவர் இரும்பு பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து, தடித்த குட்டைக் கம்பியைப் போல்ட்டால் இறுக்கினார். மின்கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்த ஒலிக்கம்பியைப் பிரித்து மறுபக்கமாக இழுத்துவிட்டார். இன்ஜினையும் உடலையும் இணைக்கும் துருவேறிய பட்டையை மாற்றினார். அந்தச் சிறு பெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஒரு முற்பகல் முழுதும் உழைத்துவிட்டு முந்நூறு ரூபாய்தான் கேட்டார். இன்ஜினை முடுக்கினோம். ஸ்பீக்கரில் துளி ஓசையில்லை.

அடுத்த சிகிச்சை நாளில் அம்மாவை முன்னிருக்கையில் அமர்த்தி அத்தாவின் பதிவைப் போட்டேன். “அஸ்ஸலாமு அலைக்கும்” என்று குரல் கனமாக எழுந்தது. உடனே என் நெஞ்சு துணுக்குற்றது. குரலுக்கு அடியில் ஏதோ உறுமிக்கொண்டிருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தேன், உறுமல் மாறவில்லை. ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். அப்போதும் உறுமல் நிற்கவில்லை. செலவழித்ததெல்லாம் வீணோ என்று எண்ணியவாறு நிறுத்துபொத்தானை நோக்கிக் கை நீட்டினேன்.

அம்மா என் கையைப் பற்றிக்கொண்டார்.

“விடு தம்பி. அது அவங்க லாரி.”

பாலைவனத்து வெயிலில் எங்கோ ஓர் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே பேசியிருக்கிறார். நான் வண்டியைக் கிளப்பினேன். அம்மா கண்களை மூடிக்கொண்டு, ஒலியை இன்னும் சற்றுக் கூட்டச் சொன்னார்.