வேதபாரகரின் கேள்வி

மாற்கு 2ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்க எடுத்தால் சபை கூரைக்காகக் காத்திருக்கும். நாலு பேர் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனைப் படுக்கையோடு இறக்குகிற காட்சி எல்லாருக்கும் பிடிக்கும். கப்பர்நகூமின் கருங்கல் வீடுகளையும், மரச்சட்டத்தின் மேல் வைக்கோலும் மண்ணும் போட்டு மெழுகிய கூரைகளையும் கொஞ்சம் விவரித்தால் போதும், பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். நான் அங்கே அதிக நேரம் நிற்பதில்லை.

இயேசு முதலில் பேசியது அவனுடைய பாவங்கள் மன்னிக்கப்பட்டதைப் பற்றி. இந்த இடத்தில் பிரசங்கிமார் பலர், உட்கார்ந்திருந்த வேதபாரகரைப் பொறாமைக்காரர்கள் என்று ஒரு வரியில் தள்ளிவிட்டு, சுகமானதற்குத் தாவிவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. தேவன் ஒருவரே பாவத்தை மன்னிக்கக்கூடும் என்று அவர்கள் நினைத்ததில் தப்பே இல்லை. ஏசாயாவிலும் சங்கீதங்களிலும் அவர்கள் படித்தது அதைத்தானே? எருசலேமில் ஆலயமும் பலிபீடமும் ஆசாரியனும் இருக்க, கலிலேயாவில் ஒரு வீட்டுக்குள், பலி ஏதுமின்றி, ஒருவர் மன்னிப்பைச் சொல்கிறார். வேதம் தெரிந்தவன் திடுக்கிடத்தான் செய்வான். அந்தத் திடுக்கிடலைச் சபையும் உணர்ந்த பிறகே மனுஷகுமாரனின் அதிகாரத்தைப் பற்றி வாய் திறப்பேன். கேள்வியைச் சின்னதாக்கினால் பதிலும் சின்னதாகிவிடும்.

நோய் அவன் பாவத்துக்குக் கிடைத்த கூலி என்று இந்தப் பகுதி சொல்லவில்லை. அதையும் தவறாமல் சொல்லிவிடுவேன். வருஷக்கணக்கில் படுக்கையில் கிடப்பவரின் வீட்டார் ஆராதனையில் இருப்பார்கள்.

பாவத்தை மன்னிக்கும் அந்த அதிகாரம் பிரசங்கியாருடையது அல்ல. 1517இல் லூத்தர் எழுதிய 95 கருத்துரைகளில் ஆறாவது, தேவன் மன்னித்துவிட்டார் என்று அறிவிப்பதைத் தவிர, குற்றத்தை நீக்கப் போப்பாண்டவருக்கும் வல்லமை இல்லை என்கிறது. நானும் அறிவிக்கிறவன்தான். அதற்காக, மன்னித்திருப்பார் என்று நம்புவோம் என இழுக்கவும் மாட்டேன். ராத்தூக்கம் கெட்டு வந்திருப்பவரிடம் அனுமானத்தைக் கொடுத்து அனுப்ப எனக்கு உரிமை இல்லை.

ஒருமுறை ஆராதனை முடிந்ததும் ஒரு பெரியவர் கேட்டார்: "ஆண்டவரே மன்னிச்சிட்டாருல்லா, பொறவு எதுக்கு ஐயா அவன் வீட்டு வாசல்ல போயி நிக்கணும்?" அவருக்குத் தம்பியோடு வயல் வரப்புத் தகராறு. லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தைப் பிரித்துக் காட்டினேன். பிறனை வஞ்சித்தவன் எடுத்ததை முழுதாகத் திருப்பி, ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுத்து, குற்றநிவாரண பலியையும் செலுத்த வேண்டும் என்கிறது அது. தேவனுடைய மன்னிப்பை நான் அவருக்கு அறிவிக்கலாம். தம்பிக்குச் சேர வேண்டியதைத் தள்ளுபடி செய்ய என்னால் ஆகாது.

அதனால் மாற்கு 2இன் இந்தப் பகுதியை நற்கருணை ஞாயிறில் வைத்துக்கொள்வதையே விரும்புகிறேன். எங்கள் தென்னிந்தியத் திருச்சபையின் ஒழுங்கில் பாவ அறிக்கையும் மன்னிப்பின் அறிவிப்பும் முதலிலேயே வந்துவிடும். பிரசங்கத்துக்குப் பிறகு, அப்பமும் ரசமும் பீடத்துக்கு வருமுன், ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லுவோம். நான் பேசி முடித்துக் கொஞ்ச நேரத்திலேயே, பிணங்கிக் கிடக்கிற அண்ணனும் தம்பியும் ஒருவர் கையை ஒருவர் பிடிக்க வேண்டிவரும்.