கல்லுக்கு முன் கம்பி

துளையில்லாத கல்லொன்றைப் பற்றவைப்பும் பசையும் இல்லாமல், கம்பியை வளைத்தும் சுற்றியுமே பதக்கமாக்கும் கைவேலையில் கல்லைத் தேர்வது எளிது. எந்தக் கம்பியை வாங்குவது என்பதில்தான், வடக்கு லண்டனின் ஆர்ச்வேயில் இருந்துகொண்டு பழகத் தொடங்குபவருக்கு மும்முனைக் குழப்பம் காத்திருக்கிறது. அமெரிக்கப் பயிற்சி நூல்களும் காணொளிகளும் 20 கேஜ் என்பது 0.81 மி.மீ. விட்டமுள்ள கம்பியை; பிரிட்டனில் 1884 இல் சட்டபூர்வமான எஸ்.டபிள்யூ.ஜி. அளவில் அதே 20 என்பது 0.91 மி.மீ.; எண் 18 ஆகும்போது இவை 1.02, 1.22 என்று இன்னும் விலகிவிடுகின்றன. தமிழ்நாட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளில் புழங்கும் கேஜ் பிரிட்டிஷ் அளவே என்பதால், அந்தப் பழக்கத்தோடு வந்தவர் அமெரிக்கக் காணொளியைப் பார்த்து வேலை செய்தால், கம்பி சற்றே தடித்துப்போய், சொன்னபடி வளையாமல் முரண்டு பிடிக்கும். மூன்றாவது முனை மின்கம்பி: பிரிட்டிஷ் வீடுகளின் தட்டையான கேபிளுக்குள் உறையின்றிக் கிடக்கும் எர்த் கம்பி நல்ல செம்புதான் என்றாலும், அதன் அளவு குறுக்குவெட்டுப் பரப்பால் சொல்லப்படுகிறது, 1 சதுர மி.மீ. எனப்படுவதன் விட்டம் 1.13 மி.மீ. ஆகவே, கடையில் விட்டத்தை மி.மீ. கணக்கில் கேட்டு வாங்குவதே உத்தமம்.

எண் கூடக் கூடக் கம்பி மெலிவது ஏன் என்பதற்கான விடை கம்பியச்சில் இருக்கிறது. பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகத் துளையிட்ட எஃகுத் தகடே கம்பியச்சு. உலோகம் எத்தனை துளைகளின் வழியே இழுக்கப்பட்டதோ அந்த எண்ணிக்கையிலிருந்தே கேஜ் எண்கள் பிறந்தன. இழுக்க இழுக்க உலோகம் விறைப்பதால், பொற்கொல்லர் அதை இடையிடையே பழுக்கக் காய்ச்சி இளக்குவார். 19 ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளியில் மெல்லிய கம்பியைப் பின்னிச் செய்து, அவ்வூரின் பெயராலேயே விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் அறியப்பட்ட சங்கிலிகளுக்கும் இந்த இளக்கமே ஆதாரம். வளைத்தாலும் விறைப்பு ஏறும். ஒரே இடத்தில் கம்பியை மடக்கி நிமிர்த்திக்கொண்டேயிருந்தால், முதலில் அது விரலை எதிர்க்கும், பிறகு மடிப்பில் நுண்ணிய வெடிப்பு தோன்றும், கடைசியில் பட்டென்று முறியும்.

இந்த எதிர்ப்பை விரலுக்குக் கற்றுத்தருவதில் பூச்சில்லாத மென்செம்புக்கு நிகரில்லை. அலுமினியம் மிக மெத்தென்றிருப்பதால் சுற்று தளர்ந்து கல் நழுவும். பித்தளை துள்ளித் திரும்பும். தொடக்கநிலையினருக்கென்றே விற்கப்படும் வண்ணப்பூச்சுக் கம்பியோ, இடுக்கி பட்ட இடமெல்லாம் பூச்சு உரிந்து செம்பைக் காட்டிவிடுமாதலால் பழகவும் உதவாது, அணியவும் உதவாது. தங்கம் அல்லாததை நகையென்று ஏற்கத் தயங்கும் தமிழ்க் கண்ணுக்கு, ஆர்ச்வே சாலை முருகன் கோயிலுக்கு அணிந்துசெல்லச் செம்பு போதாததாகத் தோன்றக்கூடும். அந்தக் கூச்சத்தைப் பழகும் காலத்தில் ஒதுக்கிவைப்பது நல்லது. சிறு கல்லின் சட்டத்துக்கு 0.8 மி.மீ., கனத்த கல்லுக்கு 1 மி.மீ., சட்டக் கம்பிகளைச் சேர்த்துக் கட்ட 0.3 அல்லது 0.4 மி.மீ. என்றிருந்தால் போதும். சதுரக் கம்பி சற்று முறுக்கினாலும் விளிம்பு திரும்பித் தவற்றைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் உருண்டைக் கம்பியில் தொடங்குவதே தகும்.

கை பழகியபின், ஆர்ச்வேக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் உள்ள நகைத்தொழில் வீதியான ஹேட்டன் கார்டனில் ஸ்டெர்லிங் வெள்ளிக் கம்பி, அதாவது 92.5 சதவீதம் வெள்ளி கலந்தது, வாங்கலாம். அதில் 0.8 மி.மீ. கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 5.2 கிராம் நிற்கும். பிரிட்டனில் வெள்ளியென்று சொல்லி விற்கும் பொருள் 7.78 கிராமுக்கு மேற்பட்டால் 1973 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஹால்மார்க் முத்திரை வேண்டும். இந்தக் கணக்கில் கல்லின் எடை சேராததால், ஒரு மீட்டர் 0.8 மி.மீ. கம்பிக்குள் முடியும் வெள்ளிப் பதக்கம் எதுவும் அந்த வரம்பைத் தொடாது.